கணினித் திரையும் தோட்டத்துப் பிள்ளையும்

கல்விக்குக் கருவி தேடுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1658ஆம் ஆண்டிலேயே கொமேனியசு என்னும் கல்வியறிஞர், படத்தையும் சொல்லையும் அருகருகே அமைத்துச் சிறுவர்க்கான பாடநூல் ஒன்றை ஐரோப்பாவில் வெளியிட்டார். நம் நாட்டிலோ, வானொலிப் பெட்டியைச் சூழ்ந்தமர்ந்து பாடங் கேட்ட தலைமுறையினர் இன்று பாட்டன் பாட்டியராய் நம்மிடையே வாழ்கின்றனர். 1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 1997இல் விவேகப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பெற்று, மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கணினிவழிப் பாடங்கள் ஆக்கப்பட்டன. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது தமிழ்ப்பள்ளிகளுக்கும் மடிக்கணினி, படவீழ்த்தி, குறுந்தட்டுகள் ஆகியன வந்து சேர்ந்தன. 2011இல் நாட்டின் பள்ளிகளையெல்லாம் இணையத்தால் பிணைக்கும் திட்டம் வந்தது. 2019இல் அது முடிவுற்றது. 2020இல் டெலிமா என்னும் கற்றல் தளம் வந்தது.

வந்தவை பல. அவற்றை நாம் நன்றியோடு வரவேற்கின்றோம். ஆயினும், கருவியைப் பற்றி இத்துணை பேசிய நாம், அக்கருவியில் ஏற்றப்படும் பாடத்தைப் பற்றி எத்துணை பேசினோம்? அப்பாடத்தை ஆக்குவோர் யார்? ஆக்கும் முறையை ஆசிரியர்க்குக் கற்றுத் தருவோர் யார்? யாருடைய பிள்ளையை மனத்தில் வைத்து அது ஆக்கப்படுகின்றது? பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் இவ்வினாக்களை வைக்கவே இக்கட்டுரையை எழுதலாயினோம்.

கருவி முன்னே வருவதற்கும் பாடம் பின்னே வருவதற்கும் காரணம் உண்டு. கருவியை எண்ணிக் கணக்கிடலாம், மாலையிட்டுத் திறந்து வைக்கலாம், புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். நான்காம் ஆண்டு மாணவன் பின்னத்தைப் புரிந்துகொண்ட கணத்தைப் புகைப்படம் எடுக்க இயலாது. 2011இல் தொடங்கிய திட்டத்தின் கற்றல் தளத்தை ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்திய அளவு மிகக் குறைவென்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. கம்பி வந்தது, கருவி வந்தது, கற்பதற்கு அதிலே தக்க பாடம் போதிய அளவு இல்லையென்றால் யார்தாம் அங்கே செல்வர்? சந்தைக்கு நல்ல சாலை போட்டுவிட்டுக் கடைகளைத் திறக்காமல் விட்டது போலாயிற்று.

இக்குறை வெளிப்படையாய்த் தெரிந்த காலம், 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின் வந்த மாதங்களாகும். பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்னும் புதுச்சொல் நம் வீடுகளில் புழங்கலாயிற்று. அவ்வாண்டு கல்வியமைச்சு பெற்றோரிடையே நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லையென்று தெரியவந்தது. கருவி வைத்திருந்தோரிலும் கைப்பேசி ஒன்றையே நம்பியிருந்தோர்தாம் மிகுதி. 2021இல் அரசு 150,000 கருவிகளை வழங்கும் முயற்சியை மேற்கொண்டது; அதே ஆண்டு பிப்ரவரியில் கல்விக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசையும் தொடங்கப்பெற்றது. நல்ல முயற்சிகளே.

ஆனால் தோட்டத்து வீட்டின் நிலை என்ன? வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையாரின் சட்டைப்பையில். அவர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, செம்பனைக் குலை வெட்டி, பிற்பகலில்தான் திரும்புவார். காலை எட்டு மணிக்கு ஆசிரியர் இயங்கலை வகுப்பைத் தொடங்கும்போது பாடம் தந்தையாரோடு காட்டில் இருக்கும். பிள்ளை வீட்டில் இருப்பான். மாலையில் கைப்பேசி வீடு வந்ததும் அதனை எதிர்பார்த்து மூன்று பிள்ளைகள் நிற்பர். மலைச்சரிவில் உள்ள லயத்தில் அலைவரிசை கிடைக்கும் இடம் வீட்டு வாசலன்று, சாலையோரத்து மரத்தடி. அத்துடன், ஒரு மணி நேர நேரலை வகுப்பு அரை கிகாபைட்டுக்கு மேலும் விழுங்கக் கூடும். முன்கட்டண அட்டையில் நாளை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று.

இந்நிலையை அறிந்த ஆசிரியர் பாடத்தை எவ்வாறு அமைப்பார்? நேரலையைக் குறைப்பார். மாலையிலும் இரவிலும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கத்தக்க சிறு பாடங்களைச் செய்வார். காணொலிக்கு மாற்றாகக் குரல் பதிவையே பல இடங்களிற் பயன்படுத்துவார். புலனத்தில் அனுப்பும் மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்றிரண்டு மெகாபைட்டுக்கு மேற்போவதில்லை. அதனோடு பாடநூலின் பக்க எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால், படம் பார்ப்பதற்குத் திரையே வேண்டா; பாடநூல் பிள்ளையின் மடியில் இருக்கின்றது. நாட்டின் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும் இந்த எளிய கருவியை மறந்துவிட்டுத் திரைப்பாடம் ஆக்குவோரைக் கண்டு நாம் வியப்பதுண்டு.

பல்லூடகப் பாடம் என்றவுடன் வண்ணமும் ஓசையும் அசையும் பொம்மைகளும் நிறைந்ததொன்றே நம் கண்முன் தோன்றுகின்றது. எழுத்துகள் சுழன்று வரும். மூலையில் முயல் குதிக்கும். பின்னணியில் திரைப்பாடல் ஒலிக்கும். (அப்பாடலுக்கு உரிமையுடையோர் வேறொருவர் என்பதையும் மறந்துவிடுகின்றோம்.) பிள்ளை கண்கொட்டாமல் பார்க்கின்றான் என்று மகிழ்கின்றோம். முடிந்தபின் என்ன கற்றாய் என்று கேட்டால், முயல் குதித்தது என்பான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ரிச்சர்ட் மேயர் என்னும் உளவியல் பேராசிரியர் பல்லாண்டுகள் இதனை ஆராய்ந்து, 2001இல் நூலொன்றும் வெளியிட்டார். சொல்லோடு படமும் சேர்ந்தால் கற்றல் சிறக்கும் என்பது அவர் கண்ட முதல் உண்மை. ஆனால் பாடத்திற்குத் தொடர்பற்ற இசையும் அலங்காரமும் சேரச் சேரக் கற்றல் குறையும் என்பதும் அவர் கண்டதே. மனிதனின் நினைவாற்றல் ஒரே நேரத்தில் சிறிதளவையே தாங்கவல்லது; அந்தச் சிறிய இடத்தை முயல் பிடித்துக்கொண்டால் பாடத்திற்கு இடமில்லை. மேலும், படத்தைக் காட்டி வாயால் விளக்கும்போது, சொல்லும் சொற்கள் அனைத்தையும் திரையிலும் எழுதி ஓடவிடுவது உதவியாகாது. கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று தடுமாறும். புதிய கலைச்சொல்லை மட்டும் எழுதிக் காட்டுவது வேறு. அச்சிட்ட உரையைப் படிப்பது போலன்றி, எதிரே இருப்பவனோடு பேசுவது போலப் பேசினால் பிள்ளை நன்கு கற்கின்றான் என்பதும் அவ்வாய்வுகளில் தெளிந்தது. எழுத்து நடையில் விளக்கம் கூறும் பழக்கமுள்ள நம் ஆசிரியர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

பாடத்தின் நீளத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இணையவழிப் பல்கலைக்கழகப் பாடங்களை மாணவர்கள் 69 இலட்சம் முறை பார்த்த பதிவுகளைத் திரட்டி 2014இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆறு நிமிடத்திற்கு மேற்பட்ட காணொலிகளில் பார்ப்போரின் ஈடுபாடு குறைந்துவிடுவதை அது காட்டியது. பார்த்தவரோ வளர்ந்தவர். நம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாற்பது நிமிடக் காணொலியை அனுப்புவது முறையாகுமா?

பின்னம் என்னும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு நிமிடம் போதும். காலையுணவுக்குத் தட்டில் வைத்த ரொட்டி சானாய் ஒன்று. அதனை இரண்டாகப் பிரிக்கின்றோம். மீண்டும் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிக்கின்றோம். எத்தனை துண்டு? ஒரு துண்டு முழுமையில் எத்தனையில் ஒன்று? இவ்விடத்தில் ஆசிரியரின் குரல், “இப்பொழுது கைப்பேசியைக் கீழே வை. பழைய நாளிதழில் ஒரு தாளை எடுத்து இரண்டாக மடி, மறுபடியும் மடி, பிரித்து எண்ணிப் பார்” என்று சொல்ல வேண்டும். பிள்ளையைத் திரையிலிருந்து எழுப்பிச் செயலுக்கு அனுப்பும் பாடமே நல்ல திரைப்பாடம் என்பது எம் துணிபு. திரையிலேயே கட்டிவைக்கும் பாடம், கட்டிவைக்கும் தொழிலில் ஏற்கெனவே வல்லமை பெற்ற விளையாட்டுச் செயலிகளோடு போட்டியிட்டு ஒருபோதும் வெல்லாது.

தமிழ்மொழிப் பாடத்திற்கு ஒலிப்பதிவு செய்யும் உதவியோ மிகப் பெரிது. தலை, தளை, தழை என்னும் மூன்றையும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டலாம். ஒலியில் வேறுபடுத்த வாயும் காதும் வேண்டும். வகுப்பில் இருமுறை சொல்லிக் காட்டிய ஒலியை, வெட்கப்படும் பிள்ளை மூன்றாம் முறை கேட்கத் துணிவதில்லை. பதிவையோ இருபது முறை கேட்பான், யாரும் சினப்பதில்லை. தன் குரலையும் பதிந்து ஒப்பிட்டுப் பார்ப்பான். ழகரத்தைத் திருத்தமாய் ஒலிக்கும் பாட்டியார் எவரேனும் தோட்டத்தில் இருப்பின், அவர் குரலையே பாடத்தில் சேர்க்கலாமே! உலகத் தமிழர்க்கெனத் தமிழ்நாட்டரசு 2001இல் தொடங்கிய இணையப் பல்கலைக்கழகம் நல்ல தமிழ்ப் பாடங்களை வழங்கிற்று. அவற்றை நாம் போற்றுகின்றோம். எனினும் காவிரிக் கரையின் நெல்வயலை வைத்து எழுதிய பாடத்தை, செம்பனைத் தோப்பின் நடுவே பிறந்த பிள்ளைக்கு அப்படியே கொடுத்தால் பாதி நேரம் வயலை விளக்குவதிலேயே கழியும். நம் பிள்ளைக்கான பாடத்தை நாமே ஆக்கியாக வேண்டும்.

ஆக்குவதற்கு ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும். இங்கேதான் நாம் வற்புறுத்திக் கூற வேண்டிய கருத்து உள்ளது. ஆசிரியர்க்கென நடைபெறும் இயங்கலைப் பயிற்சிகளிற் பல, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நிகழும் என்பதையே கற்பிக்கின்றன. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் நுழைவர். அனைவர் ஒலிவாங்கியும் அடைக்கப்பட்டிருக்கும். ஒருவர் காட்சி வில்லைகளை வரிக்கு வரி படிப்பார். இறுதியில் வருகைப் பதிவும் சான்றிதழும் வரும். எம்முறையில் கற்பிக்கக் கூடாது என்பதற்கே அஃது எடுத்துக்காட்டாகிவிடுகின்றது. ஆசிரியர், தாம் கற்பிக்கப்பட்ட முறையிலேயே கற்பிப்பர். ஆதலின் ஆசிரியர்க்கான பாடம், நாம் பிள்ளைகட்கு விரும்பும் பாடத்தைப் போலவே அமைதல் வேண்டும்.

நாம் எண்ணும் பயிற்சி இத்தகையது. ஆறு வாரம் நடைபெற வேண்டும். வாரத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டா. முதல் வாரம் கணினியையே தொடக் கூடாது. தம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் என்ன கருவி உண்டு, எந்த நேரத்தில் உண்டு, உடனிருந்து உதவுவோர் யார் என்பதை ஆசிரியர் கேட்டறிய வேண்டும். அடுத்து, அவ்வகுப்பு மீண்டும் மீண்டும் தடுக்கி விழும் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முழு அலகையன்று, ஓரிடத்தை மட்டும். அதற்கான உரையை ஒரு தாளில் எழுதி, வேறோர் ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெற வேண்டும். அதன் பின்னரே ஒலிப்பதிவு, படப்பிடிப்பு எல்லாம். பதிவு செய்ததை மூன்று மாணவரிடம் கொடுத்துவிட்டு, ஆசிரியர் வாய் திறவாமல் அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். எங்கே அவர்கள் புருவம் சுருங்குகின்றது, எங்கே கண் சாளரத்திற்குச் செல்கின்றது என்று குறித்துக்கொண்டு மறுபடியும் பாடத்தைச் செய்ய வேண்டும். இம்மறு ஆக்கம் இல்லாத பயிற்சி, நீரில் இறங்காமல் நீச்சல் கற்பதாகும்.

இஃது இயலாத கனவன்று. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் தன் முதல் மாணவரைச் சேர்த்தபோது, ஒரு பாடத்தைத் தனியொருவர் எழுத விடவில்லை. பாட வல்லுநரும் ஒலிபரப்பாளரும் தொகுப்பாசிரியரும் கூடிய குழுவே அதனை ஆக்கிற்று. ஒருவர் வரைவை மற்றவர் அறுத்துத் திருத்தினர். அதே 1971இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் தொலைக்கல்வியைத் தொடங்கிற்று. பகலிற் பள்ளியில் கற்பித்து, இரவில் அஞ்சலில் வந்த பாட ஏடுகளைப் படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் நம் நாட்டில் உளர். தொலைவிலிருந்து கற்பவனுக்கு எது வேண்டும் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்களே. பயிற்சி வகுப்பு அமைப்போர் அவர்களை ஏன் அழைப்பதில்லை?

பாடுபட்டு ஆக்கிய பாடம் நிலைத்து நிற்பதும் இன்றியமையாதது. 2003இல் வந்த குறுந்தட்டுகளைச் செருகுவதற்குரிய வாய் இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலும் இல்லை. ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் உலகெங்கும் ஆசிரியர்கள் ஆக்கிய அசைவுப் பாடங்கள் எண்ணிறந்தன. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அம்மென்பொருளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. பாடங்கள் பல திறக்கவே இயலாது போயின. தமிழுக்கோ இன்னொரு துன்பம் இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டெழுதியதை மற்றவர் கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய நம் நாட்டவர் முத்து நெடுமாறன் போன்றோரின் நெடிய உழைப்பாலும், யூனிகோடு முறை பரவியதாலும் அத்துன்பம் இன்று நீங்கியிருக்கின்றது. பழைய எழுத்துருக்களில் உறங்கும் பயிற்சித் தாள்களை யூனிகோடுக்கு மாற்றி வைக்கும் வேலை பள்ளிதோறும் காத்திருக்கின்றது. தளங்கள் வரும், போகும். ஆசிரியர் எழுதிய உரைத்தாள், குரல் பதிவு, படம் ஆகியவற்றைத் தனித்தனியே பள்ளியிற் சேமித்து வைத்தால், எந்தத் தளம் மூடப்பட்டாலும் வேறொன்றில் ஏற்றிக்கொள்ளலாம்.

“எட்டு ஆசிரியர் உள்ள சிறு பள்ளியில் இவையெல்லாம் ஆகுமா?” என்பீர்கள். ஆகாது, தனித்து நின்றால் ஆகவே ஆகாது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கலைத்திட்டம் ஒன்றே, பாடநூலும் ஒன்றே. அவ்வாறிருக்க, அதே பின்னப் பாடத்தை ஐந்நூறு ஆசிரியர்கள் ஐந்நூறு இரவுகள் விழித்திருந்து தனித்தனியே செய்வானேன்? பத்துப் பள்ளிகள் கூடி, பள்ளிக்கு ஐந்து பாடம் என்று பொறுப்பேற்றால் ஐம்பது பாடங்கள் கிடைக்கும். ஒருவர் செய்ததை மற்றவர் திருத்தலாம். தம் ஊர்க்கு ஏற்பப் படத்தை மாற்றிக்கொள்ளலாம். ‘இஃது என் பாடம், பிறர் தொடக் கூடாது’ என்னும் எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

உண்மையில், திரைப்பாடத்தால் மிகுந்த பயன் பெறக் கூடியது நகரத்துப் பெரிய பள்ளியன்று. 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட தோட்டத்துப் பள்ளியே என்போம். மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்ந்து கற்கின்றனர். மூன்றாம் ஆண்டினர்க்கு ஆசிரியர் நேரிற் கற்பிக்கும் பதினைந்து நிமிடத்தில், நான்காம் ஆண்டினர் நல்லதொரு குரல் பாடத்தைக் கேட்டுப் பயிற்சி செய்யலாம். பின்னர் இடம் மாறலாம். ஆசிரியரின் வேலையைப் பறிப்பதற்காக வந்ததன்று அப்பாடம். அவர்க்கு இன்னொரு வாயைக் கொடுப்பது.

பெற்றோரின் அச்சத்தையும் நாம் அறிவோம். கைப்பேசியைக் கையிற் கொடுத்தால் பிள்ளை பாடத்தை விட்டு விளையாட்டுக்குத் தாவுகின்றான், கண் கெடுகின்றது, இரவு உறக்கம் போகின்றது என்கின்றீர்கள். முழுதும் நியாயமே. அதனாலன்றோ நான்கு நிமிடப் பாடம் என்றும், கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்லும் பாடம் என்றும் எழுதினோம். பிள்ளைகளின் முகம் தெரியும் காணொலிகளைப் பொதுவெளியில் ஏற்றுவதையும் தவிர்க்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

இனிப் பணத்தைப் பற்றி. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விருந்தும் விளையாட்டும் நடத்தி, தொழிலாளர் தம் வியர்வைப் பணத்தில் கொடுத்த நன்கொடையைத் திரட்டுகின்றன. அப்பணத்தில் இன்னுமொரு பெரிய தொடுதிரை வாங்கலாமா என்ற பேச்சு பல இடங்களில் எழுகின்றது. எம் கருத்து இது: ஒரு நல்ல ஒலிவாங்கியை வாங்குங்கள். பயன்படாத சாமான் அறை ஒன்றைத் தூய்மை செய்து, மழை கூரையில் விழும் ஓசை கேளாவண்ணம் சுவரிலும் கூரையிலும் தடித்த துணியும் பலகையும் அடித்து, பதிவறை ஆக்குங்கள். தோட்டத்தில் தச்சு வேலை அறிந்தோர் இருக்கின்றனர். எஞ்சும் பணத்தில், பாடம் ஆக்கும் ஆசிரியர் இருவர்க்குப் பள்ளி விடுமுறையில் உணவும் போக்குவரத்தும் கொடுங்கள். தொடுதிரையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பாக, செலவே இல்லாத ஒரு செயல் உண்டு. உங்கள் வீட்டுக் கைப்பேசி எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை பிள்ளையின் கையில் இருக்க இயலும் என்பதை ஒரு தாளில் எழுதி, வகுப்பாசிரியரிடம் அனுப்பிவையுங்கள். இரவு ஏழரை முதல் எட்டு வரை என்று எழுதினாலும் போதும். அந்த அரைமணிக்கு ஏற்பப் பாடத்தை அளந்து தைப்பது ஆசிரியரின் வேலை.